கம்யூனிட்டி காலேஜ் மாறும்போது நிதியுதவியை விட்டுவிடாமல் கொண்டுபோவது எப்படி?

அமெரிக்காவில் இரண்டாண்டுக் கல்லூரியில், அதாவது கம்யூனிட்டி காலேஜில், படிப்பவர்கள் நடுவில் கல்லூரி மாறுவது சர்வசாதாரணம். கணவருக்கு வேறு ஊரில் வேலை, வாடகை ஏறியதால் வீடு மாற்றம், வேண்டிய படிப்பு பக்கத்துக் கல்லூரியில்தான் இருக்கிறது என்று ஏதாவது ஒரு காரணம் வந்துவிடும். புதிய கல்லூரியில் பெயரைப் பதிவு செய்வது எளிது. ஒரு மணி நேரத்தில் ஆன்லைனிலேயே முடியும். பணம்தான் அவ்வளவு சுலபமாகக் கூட வராது.

ஃபாஃப்ஸா, அதாவது அரசின் மாணவர் நிதியுதவிக்கான விண்ணப்பம், மாணவருடையது. ஆனால் அதைப் பார்த்துக் கணக்குப் போட்டு, அரசிடமிருந்து பணத்தை வாங்கித் தருவது கல்லூரி. எந்தக் கல்லூரிக்குப் போனாலும் இந்தக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். எவ்வளவு உதவி என்று பழைய கல்லூரி எழுதிக் கொடுத்த அவார்டு லெட்டரைப் புதிய கல்லூரியில் நீட்டினால் யாரும் மதிக்கமாட்டார்கள்.

எது வரும், எது வராது

வருமானம் குறைந்த குடும்பத்து மாணவர்களுக்கு அரசு தரும் மானியமான பெல் கிராண்டுக்கான தகுதி உங்களோடு வரும், பணம் வராது. புதிய கல்லூரி மறுபடி வழங்கவேண்டும். ஃபெடரல், அதாவது மத்திய அரசின், கடனும் அப்படித்தான்: வருட வரம்பில் மிச்சம் இருப்பதைப் புதிய இடத்தில் கேட்டு வாங்கலாம். படித்துக்கொண்டே பார்க்கும் வொர்க் ஸ்டடி வேலையும், எஸ்இஓஜி என்கிற கூடுதல் மானியமும் அந்தந்தக் கல்லூரிக்கு ஒதுக்கிய தொகையிலிருந்து வருபவை. பழைய இடத்தில் கிடைத்தது என்பதற்காகப் புதிய இடத்தில் கிடைக்காது. நடு வருடத்தில் போனால் பெரும்பாலும் தீர்ந்துபோயிருக்கும். கல்லூரி அறக்கட்டளை கொடுத்த ஸ்காலர்ஷிப் அங்கேயே நின்றுவிடும். வெளி அமைப்பு கொடுத்த ஸ்காலர்ஷிப் என்றால், காசோலை எந்தக் கல்லூரி பெயரில் போனது என்று பார்த்து, மாற்றித் தரும்படி எழுதிக் கேளுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. வருமானம் குறைந்தது, வேலை போனது என்று காரணம் காட்டிப் பழைய கல்லூரியில் உங்கள் கணக்கைத் திருத்தியிருப்பார்கள். அந்தத் திருத்தம் அந்தக் கல்லூரியோடு முடிந்தது. புதிய கல்லூரி அதை ஏற்கவேண்டிய கட்டாயம் இல்லை. அதே கடிதங்கள், அதே சம்பளச் சீட்டுகளோடு மறுபடி விண்ணப்பிக்கவேண்டும். ஒரு நகல் எடுத்து வைத்திருப்பது பிழைக்கும் வழி.

நம் வீடுகளில் வரும் தகுதிக் குழப்பங்கள்

ஃபெடரல் உதவி குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும், அகதி நிலை பெற்றவர்கள் போன்ற சில பிரிவினருக்கும் உண்டு. எச்-4 (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்தினர்), எஃப்-1 (மாணவர்) விசாவில் இருப்பவர்களுக்கு இல்லை. ஆனால் அமெரிக்காவில் பிறந்த பிள்ளையின் அப்பா எச்-1பியில் இருந்தால் பிள்ளைக்கு உதவி கிடையாது என்று நினைத்து விண்ணப்பிக்காமலே விட்டுவிடும் குடும்பங்கள் உண்டு. அது தவறு. பெற்றோரின் விசா நிலை பிள்ளையின் தகுதியைத் தொடுவதில்லை. எச்-4இல் இருக்கும் அம்மாவிடம் சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாவிட்டாலும், ஃபாஃப்ஸாவில் பெற்றோராகக் கையெழுத்திட அரசின் ஸ்டூடன்ட்எய்டு.கவ் தளத்தில் கணக்குத் தொடங்கலாம். அப்பா, அம்மா இருவரும் சேர்ந்து ஒரே வரிப்படிவம் தாக்கல் செய்திருந்தால் ஒருவர் கையெழுத்திட்டாலே போதும்.

அடுத்தது பட்டம். ஊரில் பி.இ., பி.காம்., பி.எஸ்சி. முடித்துவிட்டுக் கிரீன் கார்டோடு இங்கே வந்து, கம்யூனிட்டி காலேஜில் புதிதாக ஒரு படிப்பில் சேரும் பெண்கள் நிறைய. இளநிலைப் பட்டம் உள்ளவருக்குப் பொதுவாகப் பெல் கிராண்ட் கிடையாது. அந்தப் பட்டம் வெளிநாட்டில் வாங்கியதாக இருந்தாலும், இங்குள்ள கல்லூரி அதை ஒப்புக்கொள்ளாவிட்டாலும் இதே விதிதான். ஃபாஃப்ஸாவில் பட்டம் இல்லை என்று குறித்துப் பணம் வாங்கிவிட்டால், பிறகு ஒரு கல்லூரியின் கண்ணில் ஊர் டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பட்டியல்) படும்போது மொத்தமும் திரும்பக் கட்டவேண்டியிருக்கும். கல்லூரி மாறும்போதுதான் இது பெரும்பாலும் வெளியே வரும், ஏனென்றால் புதிய கல்லூரி எல்லா டிரான்ஸ்கிரிப்டையும் கேட்கும். பட்டம் உள்ளவர்களுக்கு ஃபெடரல் கடன் வாங்கும் வழி இருக்கிறது. பாலிடெக்னிக் டிப்ளமா மட்டும் வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

எந்த வாரத்தில் மாறுகிறீர்கள்?

என்னைக் கேட்டால், பணத்தைத் தீர்மானிப்பது எந்தக் கல்லூரி என்பதைவிட எந்த வாரம் என்பதுதான். பருவத்தின் நடுவில் கிளம்பாதீர்கள். காரணம் 60 சதவீத விதி. பருவத்தின் 60 சதவீத நாட்கள் முடிவதற்குள் எல்லா வகுப்புகளையும் விட்டுவிட்டால், எத்தனை சதவீதம் இருந்தீர்களோ அத்தனை சதவீத உதவிதான் உங்களுடையது.

ஒரு கணக்கு. ஒரு செமஸ்டருக்கு 3,600 டாலர் பெல் கிராண்ட் வந்தது. அதில் 1,000 டாலரைக் கல்லூரி கட்டணத்துக்கு எடுத்துக்கொண்டு மீதியை உங்கள் வங்கிக்கு அனுப்பிவிட்டது. 40 சதவீத நாட்கள் முடிந்தபோது வீடு மாறிவிட்டீர்கள். மீதி 60 சதவீதம் உங்களுக்கு உரியதல்ல. கல்லூரி தன் 1,000 டாலரில் 60 சதவீதத்தை, அதாவது 600 டாலரை, அரசுக்குத் திருப்பி அனுப்பிவிட்டு அதை உங்களிடம் பில் போடும். கையில் வந்த பணத்துக்கு மாணவருக்குச் சாதகமாக ஒரு பாதுகாப்பு விதி இருக்கிறது. மானியத்தில் பாதிவரை திருப்பிக் கேட்கமாட்டார்கள், அதனால் இந்த உதாரணத்தில் அங்கே ஒன்றும் கட்டவேண்டாம். ஆனால் வேறு ஒருவருக்குக் கட்டணமே தள்ளுபடி ஆகி முழுப் பணமும் கைக்கு வந்திருந்தால், அரசுக்கே நேரடியாகக் கடன்பட நேரும். அந்தப் பாக்கி தீரும்வரை, அல்லது தவணை ஒப்பந்தம் போடும்வரை, நாட்டில் எந்தக் கல்லூரியிலும் ஃபெடரல் உதவி கிடைக்காது.

வீடு மாறியே ஆகவேண்டும் என்றால், பாதியில் விடுவதற்கு முன் மீதி வாரங்களை ஆன்லைன் வகுப்பாக முடிக்க முடியுமா என்று ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். ஒரே ஒரு வகுப்பாவது முடிவுவரை போனால் நிலைமை வேறு.

அடுத்த சிக்கல், எல்லாக் கல்லூரிகளும் ஒரே நாட்காட்டியில் ஓடுவதில்லை. கலிஃபோர்னியா விரிகுடாப் பகுதியை எடுத்துக்கொள்வோம். நம்மவர்கள் அதிகம் இருக்கும் இடம். கூப்பர்டினோவில் உள்ள டி ஆன்சா கல்லூரி குவார்ட்டர் முறை: செப்டம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் நடுவில் ஒரு பருவம், ஜனவரி முதல் மார்ச் கடைசி வரை ஒன்று, ஏப்ரல் முதல் ஜூன் கடைசி வரை ஒன்று. ஃப்ரீமாண்டில் உள்ள ஓலோன் கல்லூரி செமஸ்டர் முறை: ஆகஸ்ட் கடைசியிலிருந்து டிசம்பர், ஜனவரி கடைசியிலிருந்து மே.

டி ஆன்சாவிலிருந்து ஓலோனுக்குப் போகிறவர் டிசம்பரில் முடித்துவிட்டு ஜனவரியில் சேர்ந்தால் இடைவெளி சில வாரங்கள்தான். மார்ச் கடைசியில் முடித்துவிட்டுப் போனால் அங்கே செமஸ்டர் பாதி ஓடியிருக்கும். பின்பாதியில் தொடங்கும் குறுகிய வகுப்புகள் கிடைக்கலாம், ஆனால் தேவையான பாடம் கிடைக்கும் என்று நம்பி வீட்டு வாடகையைத் திட்டமிடாதீர்கள். எதிர்த்திசையிலும் இதே கதை: ஓலோனில் மே மாதம் முடிப்பவருக்கு டி ஆன்சாவின் வசந்தகாலக் குவார்ட்டர் ஏப்ரலிலேயே தொடங்கிவிட்டது.

பணம் பிரியும் விதமும் மாறும். பெல் கிராண்டின் உச்சவரம்பு 2025-26இல் 7,395 டாலர். முழுத் தொகைக்கும் தகுதி உள்ள, 12 யூனிட் (பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகு) எடுக்கும், அதாவது முழுநேர, மாணவருக்கு டி ஆன்சா இதை மூன்றாகப் பிரிக்கும்: ஒரு குவார்ட்டருக்கு 2,465 டாலர். ஓலோன் இரண்டாகப் பிரிக்கும்: ஒரு செமஸ்டருக்கு ஏறக்குறைய 3,697 டாலர். டிசம்பரில் மாறுகிறவர் முதல் கல்லூரியில் ஆண்டுத் தொகையில் 33 சதவீதமும் இரண்டாவதில் 50 சதவீதமும் வாங்கியிருப்பார். மீதி 17 சதவீதம், ஏறக்குறைய 1,232 டாலர், போய்விடவில்லை. கோடையில் வகுப்பு எடுத்தால் கேட்கலாம். கோடையில் 6 யூனிட்டாவது எடுத்தால் வருடத்துக்கு 150 சதவீதம் வரை போகவும் இடம் உண்டு. ஆனால் கோடைக் காலத்தை எந்த நிதியாண்டில் (ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை) சேர்ப்பது என்பதைக் கல்லூரியே முடிவு செய்யும். ஒரு கல்லூரி முடிந்த வருடத்தின் வாலாகப் பார்க்கும், இன்னொன்று அடுத்த வருடத்தின் தலையாகப் பார்க்கும். கோடையில் மாறுகிறவர்கள் இரண்டு அலுவலகங்களிலும் இதைக் கேட்டே ஆகவேண்டும்.

12 யூனிட்டுக்குக் குறைந்தால் பெல் அந்த விகிதத்தில் குறையும்: 9 யூனிட்டுக்கு 75 சதவீதம், 6க்கு 50. வாழ்நாள் வரம்பு 600 சதவீதம், அதாவது முழுநேரமாக ஆறு வருடம். எவ்வளவு தீர்ந்திருக்கிறது என்பது ஸ்டூடன்ட்எய்டு.கவ் கணக்கில் தெரியும். நான்காண்டுக் கல்லூரிக்குப் பிறகு போகவிருப்பவர்கள் இந்த எண்ணை அவ்வப்போது பார்ப்பது நல்லது.

வரிசையாகச் செய்யவேண்டியவை

1. புதிய கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்கு முதலில் எழுதுங்கள், சேர்வதற்கு முன்பே. ஃபெடரல் கடன் தருகிறீர்களா என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள். சில கம்யூனிட்டி காலேஜ்கள் கடன் திட்டத்தில் பங்கேற்பதே இல்லை. கடனை நம்பிச் சேர்ந்தபிறகு இது தெரிந்தால் கை பிசையவேண்டியதுதான்.

2. ஃபாஃப்ஸாவில் புதிய கல்லூரியைச் சேருங்கள். புதிதாக விண்ணப்பிக்கவேண்டாம், ஏற்கனவே போட்ட படிவத்தில் திருத்தம் என்ற வசதியில் போய்க் கல்லூரிப் பெயரைச் சேர்த்தால் போதும். 20 கல்லூரிகள் வரை சேர்க்கலாம். பழைய கல்லூரியை உடனே நீக்காதீர்கள். நடப்புப் பருவத்தின் பணம் முழுதும் வந்து முடியட்டும். ஜூலை 1 தாண்டிச் சேர்வதாக இருந்தால் அடுத்த நிதியாண்டின் ஃபாஃப்ஸா வேண்டும். அது வழக்கமாக முந்தைய அக்டோபர் 1 அன்றே திறந்துவிடும். 2026-27 படிவம் 2024ஆம் ஆண்டு வரிக் கணக்கைப் பார்க்கும்.

3. பழைய கல்லூரியில், அடுத்த பருவத்துக்கான உதவியை ரத்து செய்யும்படி எழுத்தில் கேளுங்கள். இதைத்தான் முக்கால்வாசிப் பேர் மறக்கிறார்கள். வருடம் முழுவதற்கும் சேர்த்து முன்கூட்டியே உங்கள் பெயரில் பெல்லையும் கடனையும் பதிந்து வைத்திருப்பார்கள். அது நீங்காதவரை, புதிய கல்லூரி பணம் கேட்கும்போது ஒரே மாணவருக்கு இரண்டு கல்லூரி கேட்கிறது என்று அரசின் கணினி நிறுத்திவிடும். ஒரே காலத்தில் இரண்டு கல்லூரியில் பெல் வாங்க முடியாது. ஜனவரியில் சேர்ந்த மாணவருக்கு மார்ச் வரை பணம் வராமல் இழுப்பதற்கு இது அடிக்கடி காரணமாகிறது. அடுத்த பருவத்துக்குப் பழைய கல்லூரியில் வகுப்பு பதிந்திருந்தால் அதையும் நீங்களே டிராப் செய்யுங்கள். போகாமல் இருந்தால் தானாக நீங்கிவிடும் என்று விட்டால் கட்டணமும் நிற்கும், எஃப் கிரேடும் நிற்கும்.

4. டிரான்ஸ்கிரிப்ட் அனுப்பச் சொல்லுங்கள். கடைசிப் பருவத்தின் மதிப்பெண் ஏறியபிறகு அனுப்பும்படி ஆர்டர் செய்யுங்கள், இல்லாவிட்டால் இரண்டு முறை அனுப்பவேண்டிவரும். கலிஃபோர்னியாவில் பாக்கி இருந்தால்கூட டிரான்ஸ்கிரிப்டைப் பிடித்து வைக்கக் கூடாது என்று 2020 முதல் சட்டம் இருக்கிறது.

5. புதிய கல்லூரியில் ஒரு படிப்பைத் தேர்ந்து பதிவு செய்யுங்கள். பட்டமோ சான்றிதழோ தரும் படிப்பு ஒன்றில் சேர்ந்திருந்தால்தான் ஃபெடரல் உதவி. அந்தப் படிப்புக்குத் தேவையில்லாத வகுப்புகளை எண்ணிக்கையில் சேர்க்கமாட்டார்கள். 12 யூனிட் எடுத்திருக்கிறேன், பெல் ஏன் குறைந்தது என்று கேட்பவர்களில் பலருக்கு இதுதான் பதில்.

6. அப்புறம், புதிய கல்லூரியின் மாணவர் போர்ட்டலைத் தினமும் பாருங்கள். ஃபாஃப்ஸா விவரங்களைச் சரிபார்க்கும் வெரிஃபிகேஷன் படிவங்கள், அடையாளச் சான்று எல்லாம் அங்கேதான் வரும். பழைய கல்லூரியில் கொடுத்துவிட்டேனே என்று வாதாடுவதைவிட மறுபடி ஏற்றிவிடுவது சீக்கிரம் முடியும். போலி மாணவர்கள் பெயரில் உதவித்தொகை மோசடி கலிஃபோர்னியாவில் பெருகியதால் இப்போது கெடுபிடி அதிகம்.

7. மாநில உதவியை மாற்றுங்கள். இது ஃபாஃப்ஸாவில் கல்லூரி மாற்றினால் எப்போதும் தானாக மாறிவிடாது. கலிஃபோர்னியாவில் கால் கிராண்ட் என்ற மாநில மானியம் வாங்குபவர்கள் மாணவர்களுக்கான வெப்கிராண்ட்ஸ் தளத்தில் போய்க் கல்லூரியை மாற்றவேண்டும். நியூஜெர்சியில் என்ஜேஃபாம்ஸ் என்ற தளம். நியூயார்க்கின் டாப் உதவிக்குக் கல்லூரிக் குறியீட்டைத் தனியாக மாற்றவேண்டும்.

எஸ்ஏபி என்னும் கண்ணுக்குத் தெரியாத வாசல்

உதவி தொடரவேண்டுமானால் படிப்பில் திருப்திகரமான முன்னேற்றம் வேண்டும். இதைத்தான் எஸ்ஏபி என்பார்கள். பெரும்பாலான கல்லூரிகளில் மூன்று அளவுகோல்: ஜிபிஏ என்கிற சராசரி மதிப்பெண் புள்ளி 2.0, எடுத்த யூனிட்டுகளில் மூன்றில் இரண்டு பங்காவது முடித்திருப்பது, படிப்புக்கு வேண்டிய யூனிட்டில் 150 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது. பாதியில் விட்டு டபிள்யூ வாங்கிய வகுப்பு எடுத்ததாக எண்ணப்படும், முடித்ததாக எண்ணப்படாது.

மாறுகிறவர்கள் மாட்டிக்கொள்வது மூன்றாவது அளவுகோலில்தான். 60 செமஸ்டர் யூனிட் படிப்புக்கு 90 யூனிட் வரைதான் இடம். புதிய கல்லூரி ஏற்றுக்கொள்ளும் யூனிட்டுகள் எடுத்ததிலும் சேரும், முடித்ததிலும் சேரும். கணக்கியலில் 50 யூனிட் முடித்துவிட்டுக் கதிரியக்கத் தொழில்நுட்பத்துக்குத் தாவினால் மீதி 40 யூனிட்டில் அது முடியாது. அப்போது மேல்முறையீட்டுக் கடிதம் எழுதலாம். ஏன் மாறினேன், இன்னும் எந்தெந்த வகுப்பு, எப்போது முடியும் என்று கவுன்சலர் கையெழுத்திட்ட திட்டத்தோடு கொடுத்தால் பெரும்பாலும் பொறுமையாகப் படிப்பார்கள்.

பழைய கல்லூரியில் எஸ்ஏபியில் தவறியிருந்தால் அதுவே புதிய கல்லூரியையும் அடைத்துவிடும் என்பதில்லை. புதிய கல்லூரி தன் விதிப்படி பார்க்கும். சில இடங்களில் உங்களைத் தகுதியோடு தொடங்க விடுவார்கள். பழைய டிரான்ஸ்கிரிப்டை மறைத்தால் மட்டும் எந்த இடத்திலும் மன்னிப்பு கிடைக்காது.

குவார்ட்டர் யூனிட் ஒன்றரை சேர்ந்தால்தான் ஒரு செமஸ்டர் யூனிட். டி ஆன்சாவில் முடித்த 36 யூனிட் ஓலோனில் 24 ஆகக் குறைந்து தெரிவதைப் பார்த்து ஏமாற்றி விட்டார்கள் என்று பதறவேண்டாம்.

கடன் வாங்கியிருந்தால்

வருட வரம்பு கல்லூரிக்கு அல்ல, உங்களுக்கு. பெற்றோரைச் சார்ந்த முதலாண்டு மாணவருக்கு 5,500 டாலர். பழைய இடத்தில் 2,750 வாங்கியிருந்தால் புதிய இடத்தில் மிச்சம் 2,750தான். ஒருமுறை கையெழுத்திட்ட பிராமிசரி நோட் என்ற கடன் பத்திரம் பத்து வருடம் வரை செல்லும், ஆனாலும் புதிய கல்லூரி தன் கடன் விண்ணப்பப் படிவத்தைத் தனியாகக் கேட்கும்.

கவனிக்கவேண்டியது இடைவெளி. அரைநேரத்துக்குக் கீழே, அதாவது 6 யூனிட்டுக்குக் கீழே, போன நாளிலிருந்து தவணை கட்டவேண்டாத கிரேஸ் காலம் ஆறு மாதம் ஓடும். அதற்குள் புதிய கல்லூரியில் 6 யூனிட் எடுத்துவிட்டால் அது மறுபடி முழுதாகக் கிடைக்கும். டிசம்பரில் நிறுத்தி ஆகஸ்டில் சேர்ந்தால் ஜூனிலேயே தீர்ந்துபோயிருக்கும், தவணையும் தொடங்கியிருக்கும். சேர்ந்ததும் தவணை நிற்கும், ஆனால் படிப்பு முடிந்தபின் அந்தக் கடனுக்கு மறுபடி ஆறு மாத அவகாசம் கிடையாது.

மாநிலம் தாண்டினால்

கூப்பர்டினோவிலிருந்து டெக்சஸில் ஃப்ரிஸ்கோவுக்கோ பிளேனோவுக்கோ போகும் குடும்பங்கள் இப்போது அதிகம். பெல் அங்கேயும் கிடைக்கும். கால் கிராண்டும், கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் கலிஃபோர்னியா பிராமிஸ் கிராண்டும் எல்லையோடு நின்றுவிடும். டெக்சஸ்வாசி என்ற கட்டணத்துக்கு 12 மாதம் காத்திருக்கவேண்டும். அங்கே மாவட்டக் கணக்கும் உண்டு: காலின் கல்லூரியிலும் டாலஸ் கல்லூரியிலும் உள்ளூர்வாசி, மாநிலத்தில் வேறு பகுதியில் இருப்பவர், வெளிமாநிலத்தவர் என்று மூன்று விதக் கட்டணம். நியூஜெர்சியிலும் எடிசனில் இருந்துகொண்டு பக்கத்துக் கவுன்டி கல்லூரிக்குப் போனால் கட்டணம் கூடலாம். கலிஃபோர்னியாவில் யூனிட்டுக்கு 46 டாலர் என்று பழகியவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி. வாடகை ஒப்பந்தம், ஓட்டுநர் உரிமம், வேலைக் கடிதம் ஆகியவற்றின் தேதிகள்தான் குடியிருப்புக்குச் சாட்சி. அங்கே போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இவற்றைச் செய்துவிட்டால் 12 மாதக் கடிகாரம் அன்றே ஓடத் தொடங்கும். அந்த ஒரு வருடம் குறைந்த யூனிட் எடுப்பது அல்லது வேலை பார்ப்பது சில குடும்பங்களுக்குப் பொருத்தமாக இருக்கும். கடன் வாங்கியிருப்பவர்கள் மட்டும் 6 யூனிட்டுக்குக் கீழே இறங்கவேண்டாம்.

மாறவே வேண்டாம் என்றால்

வேண்டியது ஒன்றிரண்டு வகுப்புகள் மட்டும் என்றால் கல்லூரியை மாற்றாமலே கன்சார்ட்டியம் ஒப்பந்தம் கேட்டுப் பாருங்கள். சொந்தக் கல்லூரி பணம் தரும், வகுப்பு வேறு கல்லூரியில். ஓக்லாந்து பக்கத்துப் பெரால்டா மாவட்டத்தின் நான்கு கல்லூரிகளிலும், லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தின் ஒன்பது கல்லூரிகளிலும் ஒன்றை ஹோம் கல்லூரியாக வைத்துக்கொண்டு மற்றவற்றில் எடுக்கும் யூனிட்டையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கும் ஏற்பாடு இருக்கிறது. ஒரே மாவட்டம் என்பதால் எங்கும் இப்படித்தான் என்று எண்ணிவிடாதீர்கள். டி ஆன்சாவும் ஃபுட்ஹில்லும் ஒரே மாவட்டம்தான், ஃபாஃப்ஸாவில் தனித்தனிக் குறியீடு.

எல்லாம் சரியாகச் செய்தும் பணம் தாமதமானால், வகுப்பு தொடங்குவதற்கு முன்பே கட்டண அலுவலகத்துக்குப் போய் உதவி வரவிருக்கிறது என்று காட்டி அவகாசம் வாங்குங்கள். இல்லாவிட்டால் கட்டணம் கட்டவில்லை என்று வகுப்பிலிருந்து நீக்கிவிடும் கல்லூரிகள் உண்டு. பெல் உறுதியான மாணவருக்கு, வரவிருக்கும் பணம் கட்டணத்தைவிட அதிகமாக இருந்தால், பருவத்தின் ஏழாம் நாளுக்குள் புத்தகம் வாங்க வழி செய்துதர வேண்டும் என்பது ஃபெடரல் விதி. கல்லூரிக் கடையில் அதைக் கணக்கில் எழுதி வாங்கலாமா என்று நிதியுதவி அலுவலகத்தில் கேளுங்கள். கேட்டவர்களுக்கு மட்டும் சொல்லும் வழக்கமுள்ள அலுவலகங்களும் இருக்கின்றன.